விரல் மேல் பழி போடும் முன்...

நம் ஊரில் மடியில் இருக்கும் கிடார்களை விட பீரோ மேல் படுத்திருக்கும் கிடார்கள்தான் அதிகம் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். வடலூர் ஆகட்டும், பக்கத்தில் இருக்கும் நெய்வேலி டவுன்ஷிப் ஆகட்டும், கதை ஒன்றுதான். பையன் நல்ல மார்க் வாங்குகிறான். அப்பா வாக்குக் கொடுத்தபடி ஐந்தாறாயிரம் ரூபாய்க்கு ஒரு எலக்ட்ரிக் கிடார் வாங்கித் தருகிறார். முதல் மாதம் வீடே அதிர்கிறது. இரண்டாவது மாதம், "விரல் ரொம்ப வலிக்குதுப்பா" என்கிறான். "பழகப் பழகச் சரியாயிடும்டா" என்கிறார் அப்பா. சரியாவதில்லை. ஆறாவது மாதம் கிடார் உறைக்குள் போய், உறை பீரோ மேல் போய், வீட்டில் தீர்ப்பும் எழுதப்பட்டு விடுகிறது: "அவனுக்கு அதெல்லாம் வராது."

இந்தத் தீர்ப்பில்தான் பிரச்சினை. பல நேரங்களில் பையனுக்கு வராமல் போனது சங்கீதம் அல்ல. கிடாரின் கம்பி இருக்க வேண்டிய உயரத்துக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் தூக்கிக் கொண்டு நிற்கிறது. அவ்வளவுதான் குற்றம்! அந்த ஒரு மில்லிமீட்டருக்காக ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை, தனக்கு இசை வராது என்று ஆயுள் முழுக்க நம்பிக் கொண்டிருப்பது அநியாயம் இல்லையா?

மலிவு கிடாரில் என்ன குறைகிறது?

இன்றைய தொழிற்சாலைகளில் மரத்தை வெட்டுவது கம்ப்யூட்டர் சொல்படி ஓடும் இயந்திரம். ஐந்தாயிரம் ரூபாய் கிடாருக்கும் ஐம்பதாயிரம் ரூபாய் கிடாருக்கும் வெட்டும் துல்லியத்தில் முன்பு இருந்த அளவு தூரம் இப்போது இல்லை. அப்படியானால் விலை எங்கே குறைகிறது? மரத்தில் கொஞ்சம், உலோகப் பாகங்களில் கொஞ்சம். ஆனால் பெரிய மிச்சம், கடைசியாக ஒரு மனிதர் உட்கார்ந்து செய்ய வேண்டிய ஒன்றிரண்டு மணி நேரக் கைவேலையில்தான். நெக்கின் வளைவைப் பார்ப்பது, கம்பியின் உயரத்தைச் சரி செய்வது, நட்டின் பள்ளங்களைத் தேய்ப்பது, ஃப்ரெட் முனைகளை அரத்தால் மழுக்குவது. இவற்றைச் செய்யாமலே பெட்டியில் போட்டு அனுப்பி விடுகிறார்கள்.

ஆகவே மலிவு கிடாரை மோசமான கிடார் என்பதை விட, முடிக்கப்படாத கிடார் என்று சொல்வதுதான் பொருத்தம். மீதி வேலையை வாங்கியவர் வீட்டில் முடித்துக் கொள்ளலாம். அதற்கு ஒரு திருப்புளி, ஓர் ஆலன் கீ, ஸ்கேல், சின்ன அரம், உப்புத்தாள், கொஞ்சம் பொறுமை போதும்.

"வாத்தியத்தை வாங்கினோமா வாசித்தோமா என்றில்லாமல் இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பவர்கள் நம் வாத்தியங்களைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன. மெழுகு இளகிச் சுருதி பிசகினால் பெயர்த்தெடுத்து, காதால் கேட்டுக் கேட்டு மறுபடி பதிக்கிறார்கள். அதற்கு மேளம் கட்டுதல் என்று பெயரே இருக்கிறது. மிருதங்கக்காரர் கச்சேரிக்கு முன் தொப்பிப் பக்கம் ரவையைப் பிசைந்து அப்புகிறார். நாதஸ்வரக்காரரின் வாத்தியத்தில் சீவாளிகள் கொத்தாகத் தொங்குகின்றன. ஒன்று படுத்தினால் இன்னொன்று. வாத்தியத்தைச் சரி செய்வதும் வாசிப்பின் ஒரு பகுதிதான் என்று நம் வித்வான்களுக்கு எப்போதோ தெரியும். கிடார் விஷயத்தில் மட்டும், பெட்டியைப் பிரித்ததும் எல்லாம் சரியாக இருக்கும் என்று ஏன் எதிர்பார்க்கிறோம்?

முதலில் காசில்லாத வேலைகள்

மாடிஃபிகேஷன் என்றதும் எல்லோருக்கும் புது பிக்கப், புது பெயிண்ட் என்று ஆசை வருகிறது. அது தலைகீழ் வரிசை. பைசா செலவில்லாத வேலைகள்தான் பெரிய வித்தியாசத்தைத் தருகின்றன.

முதல் வேலை நெக். ஒரு கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே சமயத்தில் அழுத்திப் பிடித்து, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டின் கனம், அதாவது சுமார் கால் மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. அதிகமாக இருந்தால் நெக் முன்பக்கம் வளைந்திருக்கிறது. நெக்குக்கு உள்ளே ஓடும் ட்ரஸ் ராடு என்ற இரும்புக் கம்பியை ஆலன் கீயால் கால் சுற்று, கால் சுற்று மட்டுமே, இறுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு முழுச் சுற்று சுற்றினால் ராடு முறிந்து கிடார் விறகாகி விடும்.

இதை ஒருமுறை செய்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். கடலூர் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மரம் ஈரம் குடித்து உப்புகிறது. அக்னி நட்சத்திரத்தில் காய்ந்து சுருங்குகிறது. மரம் சுருங்கும்போது சுருங்காத ஃப்ரெட் கம்பியின் முனைகள் நெக்கின் ஓரத்தில் ரம்பம் போல நீட்டிக் கொள்ளும். விரலைக் கீறும் கிடார்களில் பலவற்றின் ரகசியம் இதுதான். சின்ன அரத்தால் முனைகளைச் சாய்வாகத் தேய்த்து, நைஸ் உப்புத்தாள் போட்டால் தீர்ந்தது. ஒன்று கவனம். ஃப்ரெட்டைப் பளபளப்பாக்க இரும்புக் கம்பளியைப் பயன்படுத்தினால், உதிரும் துகள்கள் பிக்கப்பின் காந்தத்தில் போய் அப்பிக் கொள்ளும். முதலில் பிக்கப்பை டேப் ஒட்டி மூடிவிட வேண்டும்.

இரண்டாவது, கம்பியின் உயரம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் தடித்த கம்பி சுமார் 2 மில்லிமீட்டர், மெல்லிய கம்பி சுமார் 1.5 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் வாசிக்க சுகமாக இருக்கும். பிரிட்ஜில் உள்ள குட்டி ஸ்க்ரூக்களைத் திருகி இதைக் கொண்டு வரலாம். கூடவே மெல்லிய கம்பி செட் ஒன்றை மாட்டினால் விரல் வலி பாதியாகக் குறையும். 9 என்று சொல்லப்படும் செட்டின் மெல்லிய கம்பி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 9 பங்கு கனம்தான்.

மூன்றாவதுதான் முக்கியம்: நட். நெக்கின் தலைமாட்டில் கம்பிகளைத் தாங்கும் அந்தச் சின்ன வெள்ளைக் கட்டை. மலிவு கிடார்களில் அதன் பள்ளங்களைப் பாதி வெட்டியபடியே விட்டு விடுகிறார்கள். ஆழமாக வெட்டிக் கெடுப்பதை விட அது அவர்களுக்குப் பத்திரம். விளைவு, முதல் ஃப்ரெட்டில் கம்பியை அமுக்க மல்யுத்த வீரன் வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் எஃப் கார்டில் தடுக்கி விழுகிறார்களே, பாதிக் காரணம் இதுதான். மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்தால், முதல் ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு தாள் நுழையும் அளவு சந்து மட்டுமே இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால், மெல்லிய அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக, தலைப்பக்கம் சரிவாக இறங்கும்படி தேய்க்க வேண்டும். தேய்த்துத் தேய்த்து ஆழமாகிப் போய்க் கம்பி இரைந்தாலும் பதற வேண்டாம். பள்ளத்தில் சமையல் சோடாவைத் தூவி ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டால் கல் மாதிரி இறுகும். மறுபடி தேய்க்கலாம். பள்ளத்தில் பென்சில் கரியைத் தடவினால் கம்பி சிக்காமல் வழுக்கும், சுருதியும் நிற்கும்.

நான்காவது, சுருதி சுத்தம். ஒரு கம்பியைத் திறந்து மீட்டி, பிறகு அதையே பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் பிடித்து மீட்ட வேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியின் பாதி தூரத்தில் இருப்பதால் சரியாக ஒரு ஸ்தாயி மேலே கேட்க வேண்டும். ஸ்வரம் ஏறிக் கேட்டால் பிரிட்ஜில் அந்தக் கம்பியின் இருக்கையைப் பின்னால் தள்ள வேண்டும். இறங்கிக் கேட்டால் முன்னால். செல்போனிலேயே இலவச ட்யூனர் கிடைக்கிறது. இதைச் செய்யாத கிடாரில் ஏ.ஆர்.ரஹ்மானே வந்து கார்டு பிடித்தாலும் அபஸ்வரம்தான்!

இந்த நாலையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்து விடலாம். செலவு, ஒரு செட் கம்பி.

நெய்வேலியும் கிடாரும் ஒரே விதிதான்

அடுத்தது எலக்ட்ரிக் சமாச்சாரம். இதில் நெய்வேலிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பயமே இருக்கக் கூடாது. ஏனென்றால் அனல்மின் நிலையம் ஓடுவதும் பிக்கப் வேலை செய்வதும் ஒரே தத்துவத்தில்தான். 1831ல் மைக்கேல் ஃபாரடே கண்டது அது. கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தப்புலம் மாறினால் சுருளில் மின்சாரம் பிறக்கும். மின் நிலையத்தில் ராட்சதக் காந்தம் சுழல்கிறது. கிடாரில், காந்தத்தின் மேல் இரும்புக் கம்பி அதிர்கிறது. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி, முடியை விட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றிய ஒரு குட்டி ஜெனரேட்டர்.

இதிலேயே ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இந்தியாவில் மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக முழு அலை அடிக்கிறது. அதற்காக அனல் நிலைய டர்பைன் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றுகிறது. ஒற்றைச் சுருள் பிக்கப், வீட்டு வயரிங்கில் ஓடும் அந்த 50ஐயும் சேர்த்துப் பிடித்து ஆம்ப் வழியாக "உம்ம்ம்" என்று முனகுகிறது. கிட்டத்தட்ட அது ஜி ஸ்வரம். வடலூர் வீட்டில் கிடாரை ஆம்ப்பில் சொருகியதும் கேட்கும் அந்த முனகல், ஒரு வகையில் பக்கத்து ஊர் டர்பைன் பாடும் பாட்டு!

அதை அடக்க வழிகள் உண்டு. கிடாரின் வயிற்றுக்குள், வயர்கள் இருக்கும் குழியில் செம்புத் தகடு டேப்பை ஒட்டி கிரவுண்டுடன் சேர்ப்பது ஒன்று. சமையலறை அலுமினியத் தாளும் ஓரளவு உதவும். ஆனால் அதில் ஈயம் ஒட்டாது என்பதால் ஸ்க்ரூ வைத்துத்தான் வயரை இறுக்க வேண்டும். இன்னொரு சோதனை: கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா? குறையாவிட்டால் பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்டு வயர் அறுந்திருக்கலாம். பத்து நிமிட சால்டரிங் வேலை.

வால்யூமைத் திருகினால் "கரகர" என்றால் முதலில் கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பார்க்கலாம். போகாவிட்டால் கன்ட்ரோலை மாற்றி விடலாம். ஒற்றைச் சுருள் பிக்கப் என்றால் 250கே, இரட்டைச் சுருள் என்றால் 500கே. டோனுக்குப் போடும் கெபாசிட்டர் ரேடியோ ரிப்பேர் கடையிலேயே சில ரூபாய்க்குக் கிடைக்கும். பழங்கால ரகம் என்று சொல்லி அதையே நூறு மடங்கு விலைக்கு விற்பவர்களிடம் ஏமாற வேண்டாம். மதிப்பு ஒன்றாக இருந்தால் காதுக்கு வித்தியாசம் தெரிவது அபூர்வம்.

விளையாட்டில்லாத ஒரு விஷயம். கிடாரின் கம்பிகள் கிரவுண்டு வழியாக ஆம்ப்பின் உடலோடு சேர்ந்திருக்கின்றன. ஆம்ப்பில் கோளாறு இருந்து, எர்த்தும் இல்லாவிட்டால் வாசிப்பவர் உடம்பே வயர். 1972ல் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி, வேல்ஸின் ஸ்வான்சி நகரில் மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதுதான் காரணம். மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை உடைத்து இரண்டு முள் ஆக்குவது நம் ஊரில் சாதாரணம். கிடார் வாசிக்கும் வீட்டில் அது கூடவே கூடாது. சத்தத்தைக் குறைக்க எர்த்தைக் கழற்றுபவர் உயிரோடு விளையாடுகிறார்.

இப்படிச் செய்தவர்கள் யார்?

வீட்டில் கிடாரைப் பிரித்து மேய்வது ஏழைப் பிள்ளைகளின் கைவினை என்று நினைப்பவர்களுக்கு மூன்று பெயர்கள்.

க்வீன் குழுவின் பிரையன் மே. நல்ல கிடார் வாங்க வசதியில்லாமல் 1963ல் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே ஒன்று செய்ய ஆரம்பித்தார். நெக்குக்குப் பழைய கணப்படுப்பின் மரம், ட்ரெமலோவுக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங், அதன் கைப்பிடி முனைக்குப் பின்னல் ஊசியின் நுனி, நெக்கில் புள்ளி வைக்கச் சட்டைப் பொத்தான். உலகம் முழுவதும் அவர் வாசித்தது அதைத்தான்.

எட்டி வான் ஹாலன். தரத்தில் தள்ளுபடியான ஓர் உடலை சுமார் 50 டாலருக்கும், ஒரு நெக்கை 80 டாலருக்கும் வாங்கி, பழைய கிடார் ஒன்றிலிருந்து பிக்கப்பைப் பிடுங்கிப் பொருத்தினார். சுருள் அதிர்ந்து கீச்சிடாமல் இருக்க பிக்கப்பை உருகிய மெழுகில் முக்கினார். வீணைக்கும் மெழுகு, பிக்கப்புக்கும் மெழுகு! 1978ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் ராக் கிடாரின் சத்தத்தையே மாற்றியது.

மூன்றாவது பெயர் நமக்கு நெருக்கமானது. மாண்டலின் யு.ஸ்ரீனிவாஸ். 1969ல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, 2014ல் மறைந்தவர். மாண்டலினுக்கு வழக்கமாக நான்கு ஜோடி, அதாவது எட்டுக் கம்பிகள். ஜோடிக் கம்பியை இழுத்து கமகம் கொடுத்தால் இரண்டும் ஒரே மாதிரி நகராது, சுருதி பிளக்கும். அவர் எலக்ட்ரிக் மாண்டலினை எடுத்து, ஜோடியைக் கழற்றி ஒற்றைக் கம்பியாக்கி, கீழ் ஸ்தாயிக்காக ஐந்தாவது கம்பியையும் சேர்த்தார். கர்நாடக சங்கீதத்துக்கு உதவாது என்று கருதப்பட்ட வாத்தியம் சபா மேடையில் ஏறியது. 1998ல் பத்மஸ்ரீயும் வந்தது. மூவரும் தங்கள் கையில் இருந்த வாத்தியம் எங்கே தடுக்கிறது என்று கவனித்து, அந்த இடத்தில் கை வைத்தார்கள்.

மறுப்புகளும் உண்டு

"இத்தனை பாடு எதற்கு? காசு சேர்த்து நல்லதாக வாங்கலாமே" என்பது நியாயமான கேள்விதான். சில கிடார்களைக் காப்பாற்ற முடியாது. நெக் முறுக்கிக் கொண்டால், ட்ரஸ் ராடு வேலை செய்யாவிட்டால், ஃப்ரெட்டுகளை இடம் மாற்றி அறைந்திருந்தால் விட்டுவிடுவதே நல்லது. வாங்கும்போதே ஒரு கண்ணை மூடி நெக் நெடுக நோட்டம் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. ஐந்தாயிரம் ரூபாய் கிடாரில் பத்தாயிரம் ரூபாய் பிக்கப் போடுவதும் புத்திசாலித்தனம் அல்ல. பிக்கப்பை மாற்றும் முன் இருக்கிற பிக்கப்பின் உயரத்தை ஸ்க்ரூவால் ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். பாதிப் பேருக்கு அதுவே போதும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மாதம் ஒரு பாகம் மாற்றி, வாரம் ஒருமுறை பிரித்து, ஒரு பாட்டு கூட முழுசாக வாசிக்கத் தெரியாத "மெக்கானிக்" ஆகி விடுவது! வாத்தியம் தடுக்காத நிலைக்கு வந்ததும் திருப்புளியைக் கீழே வைத்துவிட வேண்டும்.

ஆனால் நல்ல கிடார் வாங்கும் வரை காத்திரு என்ற அறிவுரையில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆறு மாதத்தில் கைவிட்டவனுக்கு இரண்டாவது கிடாரை எந்த அப்பா வாங்கித் தருவார்? மலிவு கிடாரில் தோற்றவனுக்கு நல்ல கிடார் வருவதே இல்லை. அதனால்தான் முதல் கிடாரைச் சரி செய்வது அவசியம். இன்னொரு லாபமும் உண்டு. என்.எல்.சி.யில் அப்ரண்டிஸாகச் சேர நினைக்கும் பையனோ பெண்ணோ, சால்டரிங் அயர்னைப் பிடிக்கவும், அரை மில்லிமீட்டரை அளக்கவும், எர்த் என்றால் என்ன என்று உயிர் பயத்தோடு புரிந்து கொள்ளவும் இதை விட இனிமையான பாடம் கிடைக்காது.

பிள்ளை விரல் வலிக்கிறது என்று சொன்னால், அடுத்த முறை "பழகினா சரியாயிடும்" என்று சொல்லும் முன் ஒரு ஸ்கேலை எடுத்துப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரத்தை அளந்து பாருங்கள். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், தப்பு விரலில் இல்லை.